தடுமன் நாட்குறிப்பு: காரைக்குடி, ஐப்பசி – கார்த்திகை

நவம்பர் 5, 2025, புதன்

குளிர்நாடுகளில் ஃப்ளூ பனிக்காலத்தில் ஏறும். நமக்கு அது ஐப்பசி மழையோடு வரும். இப்போது காரைக்குடியிலும் பள்ளத்தூரிலும் யாரைக் கேட்டாலும் "மேலுக்கு முடியலை" என்பதுதான் பதில்.

ஃப்ளூ வைரஸ் குடியேறுவது மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்ச் செல்களில். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் முழங்கால் ஏன் விண்விண்ணென்று தெறிக்கிறது?

வைரஸ் புகுந்த செல், சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். பக்கத்துச் செல்களுக்கு அது எச்சரிக்கை: உடனே கதவைச் சாத்திக்கொள்ளும். 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மானும் லண்டனில் இதைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு இதையே ஹெபடைடிஸ்-சி நோய்க்கு ஊசி மருந்தாகப் போட்டபோது, போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், மேல் வலி எல்லாம் வந்தன. மூக்கில் ஒரு வைரஸும் இல்லாமலே ஃப்ளூ மாதிரி படுத்துக்கொண்டார்கள். நாம் "நோய்" என்று சொல்வதில் பாதிக்கு மேல் நம் உடம்பே செய்கிற வேலை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வேலை நாளுக்கு நாள் மாறும். அதனால் "எவ்வளவு காய்ச்சல்?" என்பதற்கு முன் "இன்று எத்தனையாவது நாள்?" என்று கேட்க வேண்டும். தொண்டை முதலில் கரகரத்த நாளின் காலண்டர் தாளைக் கிழித்துப் போடாமல் அதன் மேல் 1 என்று எழுதிவையுங்கள்.

நவம்பர் 6, வியாழன்

காய்ச்சல். எச்சரிக்கை மூலக்கூறுகள் ரத்தத்தோடு போய், மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கின்றன. அது உடம்புச் சூட்டின் இலக்கு அளவை 98.6 இலிருந்து 102க்கு நகர்த்திவைத்துவிடும். உடம்பு இன்னும் 99இல் இருப்பதால் அதற்குக் குளிர்கிறது, நடுக்கத்தால் சூடேற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஈரத்துணி போட்டால் நடுக்கம்தான் கூடும். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும், அளவு இறங்கும், வேர்த்துக் கொட்டும். வைரஸை அது தொடுவதில்லை.

பெரியவர்களுக்கு 650 மி.கி., 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 மாத்திரை போதும். இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு: காய்ச்சல் மாத்திரையோடு "தடுமன் மாத்திரை"யும் சேர்த்துப் போடுவது. தடுமன் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

குழந்தைக்கு வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், எடையைப் பாருங்கள். கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொண்டால், 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் 6 மில்லி, 250 மி.கி. உள்ள சிரப் 3 மில்லி, 1 மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து ஒன்றரை மில்லி. மூன்று பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய பாட்டில் தீர்ந்து கடையில் வேறு பாட்டில் தந்தால், பழைய அளவையே ஊற்றிவிடுகிறார்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும்.

"ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க" என்று கேட்பதையும் மழைக்காலத்தில் விடவேண்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். தும்மலும் மூக்கொழுகலும் இல்லாத வெறுங்காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

நவம்பர் 8, சனி

சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறமே பச்சை. அவை திரளாக வந்து செத்தால் சளி பச்சையாகும். மூன்றாம், நான்காம் நாளில் வைரஸ் தடுமனிலும் இப்படித்தான் வரும். நிறத்தைப் பார்த்து மாத்திரை வாங்காதீர்கள்.

மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து 5 நாளுக்கு மேல் போனால், விட்டதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். நொச்சி போட்டு வேது பிடிப்பது அடைப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் அது வைரஸைக் கொல்லாது. கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்துப் போர்வை மூடுவது தீக்காயத்தை வரவழைப்பது.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று முதலில் வீட்டிலேயே பார்க்கும் கோவிட் பரிசோதனை கிட் பற்றி. தடுப்பூசியோ முந்தைய தொற்றோ கண்ட உடம்பு வைரஸைச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்கிறது. அதனால் வைரஸ் பெருகி முடிக்கும் முன்பே தொண்டை வலி வந்துவிடுகிறது. முதல் நாள் ஒரு கோடுதான், அதாவது "கோவிட் இல்லை" என்றுதான், தெரியலாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து இதற்கு நேர்மாறு: முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை உள்ளவர் காத்திருக்காமல் முதல் நாளே டாக்டரிடம் போகவேண்டும்.

நவம்பர் 12, புதன்

தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறதே, அது இன்டர்ஃபெரானுக்கு அடுத்து வரும் இரண்டாம் படை தயாராகும் இடம். வைரஸின் துண்டு நெறிக்கு வந்து சேர்கிறது. அங்கே அதற்குப் பொருந்தும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. முன்பின் பார்க்காத வைரஸ் என்றால் இதற்கு 5 முதல் 7 நாள் ஆகும். வைரஸைப் பிடித்து முடக்கும் புரதமான ஆன்டிபாடி நன்றாக ஏற இரண்டு வாரம். ஏற்கெனவே பார்த்த வைரஸ் என்றால் நினைவுச் செல்கள் இரண்டு மூன்று நாளிலேயே முடித்துவிடும்.

ஆகையால் ஐந்தாம் நாள் உடம்பு லேசாவது இயல்பு. காய்ச்சல் விட்டு, ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி குளிரோடு காய்ச்சல் வந்து நெஞ்சு குத்தினால் அது வேறு கதை. ஃப்ளூ அரித்துப்போன மூச்சுக்குழாயில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். பச்சைச் சளிக்குக் கேட்காத ஆன்டிபயாட்டிக் இங்கேதான் வேண்டியிருக்கும்.

நவம்பர் 15, சனி

கோவிட்டில் ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை கவனம் வேண்டும். வைரஸ் குறைந்துகொண்டிருக்கும்; சிலருக்கு எதிர்ப்பாற்றல் அடங்காமல் நுரையீரலையே வேகவைக்கும். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, நாளுக்கு 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இந்தக் கட்டத்தில் உயிர் காக்கும் என்று காட்டியது: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. மருந்து ஒன்றுதான், நாள் மாறினால் பலனும் மாறும். 2021இல் இரண்டாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள், வைரஸ் பெருகும் நேரத்தில் தங்கள் காவலையே கட்டிப்போட்டார்கள். சர்க்கரை எகிறியது, சிலருக்குக் கரும்பூஞ்சையும் வந்தது.

ஆக்சிமீட்டரில் பார்க்கும் விதம்: ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு, கறுப்பு மருதாணி இருக்கும் விரல் வேண்டாம். எண் நிலையாக நிற்கும் வரை அரை நிமிடமாவது விடுங்கள். 94க்குக் கீழே என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். 94க்குக் குறையாமல் இருந்தால், வளவுக்குள் (வீட்டின் நடுமுற்றப் பகுதியில்) தாழ்வாரத்தைச் சுற்றி ஆறு நிமிடம் சாதாரணமாக நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 3 புள்ளி இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கருவி இல்லையா, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள்: பெரியவர்களுக்கு 24, ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 40 தொட்டால் காத்திருக்கக் கூடாது.

நவம்பர் 19, புதன்

எல்லாம் போய் இருமல் மட்டும் நிற்கிறதா? மூச்சுக்குழாயின் உள்பூச்சு உரிந்துவிட்டது. சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் முளைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கீழே உள்ள நரம்புகள் தாளிக்கிற நெடிக்கும் சாம்பிராணிப் புகைக்கும் துள்ளும். மூன்று வாரம் சாதாரணம், எட்டு வாரம் வரைகூடப் போகும். அதற்கும் மேல் போனாலோ, இரண்டு வார இருமலோடு மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோயா என்று சளிப் பரிசோதனை. படுக்கும்போது ஒரு ஸ்பூன் தேன் நன்றாகக் கேட்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல் சிரப்பும் கூடாது.

நவம்பர் 23, ஞாயிறு

"எனக்குக் காய்ச்சலே வரலை, அப்ப எதிர்ப்பு சக்தி வரலையா?" வரும். அறிகுறி இல்லாமல் கடந்தவர்களுக்கும் நினைவுச் செல்கள் உண்டாகின்றன. படபடவென்று எரிந்தால்தான் அடுப்பு வேகவைக்கும் என்றில்லை.

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஐயா, ஆச்சி விஷயத்தில் காய்ச்சல் வராததே ஆபத்தாகத் திரும்பிப் பாயும். வயதானால் எச்சரிக்கை மணி மெதுவாக அடிக்கும். நிமோனியா இருந்தும் காய்ச்சலே வராமல் போகும். சாப்பாடு இறங்காதது, தள்ளாடி விழுவது, காலையா மாலையா என்று குழம்புவது, இவைதான் அவர்களுக்குக் காய்ச்சல். வெளிநாட்டிலிருந்து போனில் விசாரிக்கும் பிள்ளைகள் "காய்ச்சல் இருக்கா ஆத்தா?" என்பதோடு "நேத்து என்ன சாப்பிட்டீக?" என்றும் கேட்கவேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் எல்லோரும் கூடும் பிள்ளையார் நோன்புக்கு வளவு நிறைந்துவிடும். ஆச்சிக்கு ஃப்ளூ தடுப்பூசி இன்று போட்டால் ஆன்டிபாடி தயாராக டிசம்பர் 7 ஆகும். நோன்புக்குள் நேரம் இருக்கிறது. ஃப்ளூ கண்டவர் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகு நோன்பின் இழை எடுக்கும் சடங்குக்கு வரலாம். மிச்ச இருமலுக்கு மாஸ்க் போட்டு, முகப்புப் பக்கம் காற்றாட உட்காரட்டும்.