சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்த பத்து வாரங்கள்

போன வருடக் கோடை விடுமுறையில் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டேன். இந்த வருடமும் அங்கேதான் போவதாக இருந்தேன். அம்மா பூ கட்டி விற்கிறார். இரண்டு மாதம் நான் வீட்டில் இருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் துண்டு விழும். சமூகப்பணி படிக்கிற எங்களுக்குப் பாடத்திலேயே களப்பணி உண்டு. ஆனால் அதற்கு யாரும் பணம் தருவதில்லை. பஸ்ஸும் மதியச் சாப்பாடும் நம் கைக்காசு.

அதனால் துறைப் பலகையில் 'மக்களை அமைப்பாக்கும் பயிற்சி, பத்து வாரம், மாதம் 10,000 ரூபாய்' என்று பார்த்தபோது அந்தத் தொகைதான் முதலில் கண்ணில் பட்டது. அமைப்பாக்குவது என்றால், பிரச்சினை உள்ளவர்களையே ஒன்றுசேர்த்து, தங்களுக்கு வேண்டியதை அவர்களே கேட்க வைப்பது. சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பிலிருந்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் போயிருப்பார்கள். பணம் இருந்ததால் பதினொரு பேர் விண்ணப்பித்தோம். அதில் நான்கு பேருடைய அம்மாக்கள் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள்.

விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்கவில்லை. 'ஒரு காரியத்துக்காக நாலு பேரைச் சேர்த்த அனுபவத்தை எழுதவும்' என்று இருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றச் சொல்லிப் பெண்கள் எல்லாரும் போய்ப் பேசியதை எழுதினேன். நேர்முகத்தில் முழுக்க அதைப் பற்றியே கேட்டார்கள். யார் முதலில் பேசியது, யார் வரமாட்டேன் என்றது, வராதவரிடம் அப்புறம் யார் போய்ப் பேசியது? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் யாரும் போய்ப் பேசவில்லை. அதை அப்படியே சொன்னேன். ஒரு வாரத்தில் சேர்த்துக்கொண்டதாகத் தகவல் வந்தது.

முதல் இரண்டு வாரம் பயிற்சி. நடத்திய அக்கா இருபது வருடமாக வீட்டுவேலைத் தொழிலாளர்களோடு இருப்பவர். நோட்டீஸ் கொடுப்பது, மைக் பிடிப்பது இதெல்லாம் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனோம். அவர் கற்றுக்கொடுத்தது ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. பத்து நிமிடப் பேச்சில் ஏழு நிமிடம் எதிரில் இருப்பவர் பேச வேண்டும். அறிவுரை கூடாது. வீடு திரும்பியதும் அவர் சொன்னதை நோட்டில் எழுத வேண்டும்.

அப்புறம் வீட்டுக்கூட்டம். ஒருவர் தன் வீட்டுக்குத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிடுவார். அந்த வீட்டுக்காரரே டீ போடுவார், அவரே பேச்சை ஆரம்பிப்பார். அமெரிக்காவில் ஃபிரெட் ராஸ் என்ற அமைப்பாளர் இந்த முறையில்தான் வேலை செய்தார். 1952-ல் சான் ஹோசேயில் இப்படிச் சுற்றும்போதுதான் சீசர் சாவேஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். பத்து வருடம் கழித்து அந்தச் சாவேஸும் டோலோரஸ் ஹுவெர்ட்டாவும் பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார்கள். அக்கா இதைச் சொன்னது எதற்கென்றால், ராஸ் தனக்குக் கைதட்ட ஆள் தேடவில்லை, தன்னைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யக்கூடிய ஆளைத் தேடினார் என்பதற்காக. எனக்கு அது அப்போது புரியவில்லை.

மூன்றாவது வாரம் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அனுப்பினார்கள். ஃப்ளாட்டுகளில் வேலை செய்யும் பெண்கள் குடியிருக்கும் பகுதி. முதல் நாள் தட்டிய பதினாறு கதவில் பன்னிரண்டு பேர் கேட்டது ஒரே கேள்வி: "லோன் குடுக்க வந்தியா பாப்பா?" குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் கையில் நோட்டோடு அந்தத் தெருவுக்கு வருவதில்லை. இரண்டு நாளில் நோட்டைப் பைக்குள் போட்டேன். வீட்டில் அவர்களுக்கு நேரமும் இல்லை. காலையில் இலவச டவுன் பஸ்ஸில் அவர்களோடு ஏறினேன். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் அந்த பஸ் முழுக்க வேலைக்குப் போகிற பெண்கள்தான். நாற்பது நிமிடம் நின்றுகொண்டே பேசுவோம். என்னுடைய நல்ல பேச்சுகள் எல்லாம் அங்கே நடந்தவை.

நாங்கள் மாணவர்கள் ஒரு முடிவோடு போயிருந்தோம். வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2018-ல் அறிவித்தது. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். முதல் வீட்டுக்கூட்டத்தில் ஓர் அக்கா பொறுமையாகக் கேட்டார்: "பாத்திரத்துக்கு இவ்ளோ, துணிக்கு இவ்ளோன்னு மாசக் கணக்குல வாங்குறோம். மணி யாரு பாக்குறா?" அவர்களுக்கு வேண்டியது லீவு. உடம்பு முடியாமல் ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலியைப் பிடிக்கிறார்கள், மறுநாள் இரண்டு நாள் பாத்திரம் காத்திருக்கிறது. மாதம் நான்கு நாள், கூலி பிடிக்காத லீவு. மூன்று கூட்டத்திலும் இதேதான் வந்தது. எங்கள் திட்டத்தை மூடி வைத்தோம். எடுக்க வேண்டிய பிரச்சினையை அங்கே வாழ்பவர்தான் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் ஒப்புக்கொண்டு தலையாட்டியிருந்தேன். நாமாகப் போட்ட திட்டத்தைக் கைவிடும்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது.

நடுவில் நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. பலர் பதிவு செய்திருக்கவில்லை. ஓர் அக்காவுக்கு நானே உட்கார்ந்து முழுப் படிவத்தையும் நிரப்பினேன். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி பெயர் இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவருக்கு எதனால் வந்தது என்றே தெரியவில்லை, என்னைத் தேடிக்கொண்டு மூன்று நாள் அலைந்திருக்கிறார். பயிற்சி அக்கா அன்று என்னைக் கடிந்துகொண்டது நியாயம். அடுத்த முறை அந்தத் தெருவில் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு படிவத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது தெருவே அவளிடம்தான் போகிறது.

லீவு விஷயத்துக்கு வருகிறேன். 'சரி' என்று சொல்லக்கூடிய ஆள் யார் என்று பெரிய தாளில் வரைந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் உத்தரவு போட ஃப்ளாட்காரர்களின் அசோசியேஷனால் முடியாது. ஆனால் எல்லா வீட்டுக்கும் சுற்றறிக்கை அனுப்ப முடியும். செயலாளர் சொன்னால் பாதி வீடு கேட்கும். இது எனக்குத் தெரிந்ததல்ல, செயலாளர் வீட்டில் சமைக்கிற அக்கா சொன்னது.

பயம் வேறொன்று. கேட்டில் ஆப் வழியாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அதில் பெயரை முடக்கிவிட்டால் ஒரு வீடு மட்டும் போகாது, அந்த வளாகத்தில் பார்க்கிற மூன்று வீடும் ஒரே நாளில் போய்விடும். கடிதத்தில் முதல் கையெழுத்து யார் போடுவது என்பதில் கூட்டம் அரை மணி நேரம் நின்றது. வயதில் மூத்த ஓர் அம்மா தட்டை எடுத்துத் தாளில் கவிழ்த்து வட்டம் போட்டார். அதைச் சுற்றி இருபத்து மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். முதல் பெயர் என்று எதுவும் இல்லை. நான் அந்த அறையின் மூலையில் இருந்தேன். ஃபிரெட் ராஸ் தேடிய ஆள் எப்படி இருப்பார் என்று அன்றைக்கு விளங்கியது.

போவதற்கு முன் இரண்டு நாள் ஒத்திகை. செயலாளராக நான் நடித்தேன், கடுமையாக மறுத்தேன். உண்மையான செயலாளர் என்னைவிட மென்மையாகத்தான் பேசினார். பதில் சொல்ல ஒரு வாரம் கேட்டார். 'எந்தத் தேதி?' என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள், தேதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அந்த வளாகத்தில் மாதம் இரண்டு ஞாயிறு கூலி பிடிக்காத லீவு என்று சுற்றறிக்கை போனது. நான்கு கேட்டோம், இரண்டு கிடைத்தது. பக்கத்து வளாகமும் அதையே ஒப்புக்கொண்டது.

என் கணக்கில் இரண்டரை மாதத்துக்கு 25,000 ரூபாய் வந்தது. கட்டணத்தைக் கட்டியாயிற்று. இப்படி ஒரு பயிற்சியை நடத்த நினைக்கிற கல்லூரிகளுக்கு ஒன்று மட்டும்: சான்றிதழைப் பிறகு அச்சடிக்கலாம், உதவித்தொகைக்கு முதலில் வழி செய்யுங்கள். அந்த பஸ்ஸில் ஏறும் பெண்களின் மகள்கள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

மூன்றாவது வளாகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வருகிற ஞாயிறு சாயங்காலம் மறுபடி போகிறார்கள். பேசப்போவது இந்த முறை அந்தப் பிளஸ் டூ பெண்ணின் அம்மா.