பாட்டி இல்லை, ஆயா

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் வரும். ஆனால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு முதலில் முடித்துக் கொடுப்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத்தான். எடுப்பதற்கு முன்னால் அது சுவரில் இருக்க வேண்டும். ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு அழுத கண்ணோடு நிற்பவர்களிடம் இனிஷியல் சரியா, தேதி சரியா என்று கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும்.

அந்த அவசரத்துக்காகவே ஒரு ஃபைல் தயாராக வைத்திருப்பேன். மேலே விளக்கு, கீழே தோற்றம், மறைவு, நடுவில் படத்துக்கு இடம். வயதான பெண் என்றால் 'அன்புத் தாயாரும் பாசமிகு பாட்டியுமான' என்ற வரி. பெயரை மாற்றினால் போதும். எத்தனையோ பேருக்கு அதே வரியைப் போட்டிருக்கிறேன்.

காசிமேட்டு ஆயா முதன்முதலில் வந்தது அவர் கணவருக்குப் போஸ்டர் அடிக்க. ஜனவரி மாதம். கைப்பழக்கத்தில் மறைவு தேதியில் பழைய வருஷத்தையே அடித்துவிட்டேன். மகன் பார்த்துச் சரி என்று சொல்லியாகிவிட்டது. பின்னால் நின்ற ஆயா எட்டிப் பார்த்து, "கண்ணு, கடைசி நம்பர் தப்பு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "எழுத்து தெரியாது, நம்பர் தெரியும்" என்றார், அவ்வளவு துக்கத்திலும்.

நம்பர் தெரியாமல் அவர் மீன் வியாபாரம் நடக்காது. துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம். கூடையைப் பார்த்ததுமே எவ்வளவு தேறும், தெருவில் என்ன விலைக்குப் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டும். போடும் பணமோ தண்டலில், அதாவது தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக் கடனில் வாங்கியது. மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் தண்டல்காரர் வருவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் வரும் கொஞ்ச மீனும் விலை எகிறிவிடும். அந்த இரண்டு மாதம் ஆயா கருவாட்டுக்கு மாறிவிடுவார். ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நேரமும் சரியாக அங்கேதான் வந்து விழும். "ரெண்டு பக்கத்தையும் ஒரே தாள்ல எடுத்துடு கண்ணு" என்று ஜெராக்ஸில் மிச்சம் பிடிப்பவர், பேத்தியின் மார்க் ஷீட் என்றால் மட்டும் கூடுதலாக இரண்டு காப்பி எடுக்கச் சொல்வார்.

மகள் போன பிறகு அந்தப் பேத்தியை வளர்த்தது ஆயாதான். அவளுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தபோது முதல் பட்டதாரி சான்றிதழுக்கு எழுத இருவரும் வந்தார்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். இங்க் பேடை நீட்டினேன். ஆயா கட்டைவிரலை ஒற்றி எடுத்தால் வெறும் கறுப்பு வட்டம். மூன்று தடவை வைத்தும் கோடு விழவில்லை. ஐஸும் செதிளும் உப்புத் தண்ணீரும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. ரேஷன் கடை மெஷினிலும் இதே பாடுதானாம். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "யாரும் படிக்கலன்னு எழுதிக் குடுக்க நான்தான் இவ்ளோ சந்தோஷப்படுறேன்" என்றார்.

போன ஐப்பசி மழையில் ஆயா போய்விட்டார். மகனும் பேத்தியும் வந்தார்கள். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. நாள் தெரியாத பலருக்கும் அப்படித்தான் பதிந்திருப்பார்கள். வேறு தேதி யாரிடமும் இல்லை, அதையே போட்டேன். அப்புறம் அந்த வரி. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பாட்டின்னு வேணாம். நாங்க யாருமே அப்படிக் கூப்பிட்டதில்ல. ஆயான்னு போடுங்க."

"ஆயான்னா ஆஸ்பத்திரி ஆயா, பால்வாடி ஆயான்னு நெனச்சுக்குவாங்கம்மா. போஸ்டர்ல நல்ல தமிழாத்தான் இருக்கணும்" என்றார் மகன்.

"யாரு மாமா நெனைப்பாங்க? நம்ம தெருவுல ஆயாவைத் தெரியாதவங்க யாரு?"

இரண்டையும் அடித்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினேன். மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டாவதைக் கைகாட்டினார்.

படம் பேத்தியின் போனில் இருந்தது, மார்க்கெட்டில் எடுத்தது. பின்னால் நின்ற ஆட்களை நீக்கிவிட்டு முகத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி. காது மடலுக்குக் கீழே ஏதோ மினுங்கியது. படத்தில் விழுந்த புள்ளி என்று அழிக்கப் போனேன். இன்னும் பெரிதாக்கினால் ஒரு மீன் செதில். பேத்தியைத் திரும்பிப் பார்த்தேன். "இருக்கட்டும் அக்கா" என்றாள். 12-க்கு 18 அங்குலத் தாளில் அது யார் கண்ணிலும் படாது. இருந்தும் அப்படியே விட்டேன்.

இப்போது அந்த ஃபைலில் பாட்டி என்ற இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். அழுதுகொண்டு நிற்பவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி கூடிவிட்டது: "வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?" தெலுங்கு பேசும் வீட்டார் அவ்வா என்கிறார்கள். நன்னிமா என்று ஒரு பையன் சொன்னான். போன வாரம் வந்தவர் கொஞ்சம் யோசித்து, "எங்க எல்லாருக்குமே அம்மாதான்" என்றார். அப்படியே அடித்துக் கொடுத்தேன்.