முதல் வெள்ளிப் பட்டியல்

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் மறைமாவட்டத்தில் குருவாக ஒன்பது ஆண்டுப் பணியை முடித்துக்கொண்டு 2023 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஊர் திரும்பினேன். மைன் ஆற்றங்கரையில், திராட்சைச் சரிவுகளுக்குக் கீழே அடுத்தடுத்து இருக்கும் மூன்று சிற்றூர்களின் கோயில்கள் என் பொறுப்பில் இருந்தன. அந்தப் பணியைப் பற்றி ஊரில் பலரும் கேட்கிறார்கள். மொழியை எப்படிப் படித்தீர்கள், குளிரை எப்படித் தாங்கினீர்கள், கோயிலுக்கு ஆட்கள் வருகிறார்களா என்று கேட்பவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த கதையைத்தான் கேட்கிறார்கள். புறப்பட்டு வந்த கதையை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஒன்பது ஆண்டுகளிலும் மிகக் கடினமாக இருந்த வேலை கடைசி ஆறு வாரங்களில்தான் வந்தது.

நான் ஓரியூருக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவன். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளும் பாட்டிமார்களிடையே வளர்ந்தவனுக்கு, மறைப்பணியாளர் என்றால் வந்த இடத்திலேயே உயிரை விடுபவர் என்ற ஒரே பொருள்தான் இருந்தது. 1647இல் லிஸ்பனில் பிறந்த அவர், 1687இல் ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தபோதும் அங்கே தங்கிவிடாமல் 1690இல் மறவர் நாட்டுக்கே மீண்டும் வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் கொல்லப்பட்டார். மறவர் இளவரசரான தடியத்தேவர் மனம் மாறி ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்ததும், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டு அரசரான சேதுபதியின் உறவுப் பெண்ணாக இருந்ததும் அதற்குக் காரணமாயின என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

வூர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்த பின், அந்த மறைமாவட்டத்தின் பாதுகாவலரான புனித கிலியானின் வரலாற்றை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் அயர்லாந்திலிருந்து வந்தவர். வூர்ஸ்பர்க்கில் இருந்த சிற்றரசர், இறந்துபோன தம் சகோதரனின் மனைவியை மணந்திருந்தார் என்றும், அந்த உறவை விட்டுவிடுமாறு கிலியான் அறிவுறுத்தியதால் அந்தப் பெண்ணின் ஏவலில் அவரும் அவருடைய தோழர்கள் இருவரும் 689ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்டார்கள் என்றும் மரபு சொல்கிறது. இடையில் ஆயிரம் ஆண்டு. ஆனால் ஒரே கதை. ஜூலை மாதத்துக் கிலியான் வாரத்தில் அந்த மூவரின் மண்டையோடுகளைத் தாங்கிய பேழை பவனியாக வரும்போதெல்லாம் நான் ஓரியூரில் நிற்பதாகவே உணர்ந்திருக்கிறேன். அந்தப் பங்கில் நான் ஆற்றிய முதல் மறையுரைகளில் ஒன்று இந்த இருவரைப் பற்றியது. அதற்குப் பிறகுதான் மக்கள் என்னை வெளிநாட்டுக்காரனாகப் பார்ப்பது சற்றுக் குறைந்தது என்று நினைக்கிறேன். அவர்களுக்கு விசுவாசம் கொண்டுவந்தவரும் வெளியூர்க்காரர்தானே.

ஆனால் என்னை அனுப்பிய முறை வேறு. இரண்டு ஆயர்கள் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஐந்து ஆண்டு என்று எழுதி, பிறகு நான்கு ஆண்டு நீட்டித்தார்கள். திரும்பும் நாள் இன்னது என்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அப்படி ஒரு நாள் இல்லாதது போலவே வாழ்ந்தேன், வாக்குக் கொடுத்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அங்கே என் வேலையில் பெரும்பங்கு அடக்கச் சடங்குகள். ஒருவர் இறந்த மறுநாள் குரு அந்த வீட்டுக்குப் போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து, இறந்தவரின் வாழ்க்கையைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மொழிப் பள்ளியில் நான் படித்தது தேர்வுக்கு உதவியது. ஜெர்மன் மொழியை உண்மையில் எனக்குக் கற்றுத் தந்தவை அந்த மேசைகள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியிலிருந்து ஒரு கைப்பெட்டியோடு துரத்தப்பட்டு வந்து இங்கே வேரூன்றியவர்களின் கதை, 1945 மார்ச் 16 இரவில் இருபது நிமிடங்களுக்குள் வூர்ஸ்பர்க் நகரம் எரிந்தபோது தூரத்து வானம் சிவந்ததைச் சிறுவனாக நின்று பார்த்தவரின் கதை, நாற்பது ஆண்டு ஒரே திராட்சைச் சரிவில் ஏறி இறங்கி மூட்டு தேய்ந்த பெண்ணின் கதை. இவற்றையெல்லாம் நான் முதலில் துக்க வீட்டில்தான் கேட்டேன். அதனால் இன்றும் அந்த மொழியின் பல சொற்கள் எனக்கு யாரோ ஒருவருடைய குரலில்தான் நினைவுக்கு வருகின்றன.

அவர்கள் என்னை என் தந்தையின் பெயரால் அழைத்தார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்பதால் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் அங்கே போயிற்று. இராமநாதபுரம் மாவட்டத்தைத் தாண்டி அதிகம் போயிராத ஒரு மனிதரின் பெயரை, மைன் ஆற்றங்கரையில் பீடச்சிறுவர்கள் ஒன்பது ஆண்டுகள் உரக்கக் கூப்பிட்டார்கள். மூன்று பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளிலும் மரணப் பதிவேடுகளிலும் அந்தப் பெயர்தான் கையெழுத்தாக இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது இதைத் தொலைபேசியில் சொன்னேன்; அவர் சற்று நேரம் பேசவே இல்லை.

வருத்தங்களும் இருந்தன. தங்கள் தாயின் அடக்கத்துக்கு ஜெர்மன் குரு ஒருவர் வேண்டும் என்று ஒரு குடும்பம் என்னிடமே கேட்டது. ஏற்பாடு செய்து கொடுத்தேன். பதிவு அலுவலகத்தில் போய்த் திருஅவையிலிருந்து விலகிக்கொள்பவர்களின் பெயர்கள் பங்குக்கு வந்துகொண்டே இருந்தன. 2022இல் நாடு முழுவதும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் விலகினார்கள். அவர்களில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதினேன். பதில் எழுதியவர்கள் மிகச் சிலர். 2020 வசந்தத்தில் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டு, கல்லறையில் நெருங்கிய உறவினர் மட்டுமே நிற்க முடிந்த நாட்களில் அந்த மக்களோடு எனக்கு ஏற்பட்ட நெருக்கம் வேறு எதனாலும் ஏற்படவில்லை.

ஒப்படைப்புக்கு வருகிறேன். மூன்று கோயில்கள், இரண்டு பங்கு இல்லங்கள், ஒரு கல்லறைச் சிற்றாலயம், நற்கருணைப் பேழைகள் என்று பதினேழு சாவிகள். ஒவ்வொன்றிலும் நிறத்துக்கு ஒரு பட்டை மாட்டி, எது எதற்கு என்று தாளில் எழுதினேன். பதிவேடுகளைப் பங்குச் செயலர் சரிபார்த்தார். ஊர் அலுவலகத்தில் குடிபெயர்வுப் படிவத்தில் புதிய முகவரியாக எங்கள் மாவட்டத்தின் பெயரை எழுதினேன். இவையெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. மிஞ்சியது முதல் வெள்ளிப் பட்டியல்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று, வெளியே வர இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோவது அங்கும் வழக்கம். என் பட்டியலில் பதினான்கு பேர். எனக்குப் பின் வரும் புதிய குருவுக்காக அதை மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். 'காது கேளாது, மணியை இரண்டு முறை அடிக்கவும்.' 'பின் வாசல் வழியாக வரவும், நாய் ஒன்றும் செய்யாது.' 'விழுங்குவது கடினம், அப்பத்தில் சிறு துணுக்கு போதும், தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும்.' இப்படி எழுதிக்கொண்டே வந்தவன் நான்காவது பெயரில் நின்றேன். அந்த மனிதரிடம் அவருடைய மூத்த மகனைப் பற்றிக் கேட்கக் கூடாது. அதை நான் அறிந்தது ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அவர் வீட்டுத் தோட்டத்து வாசலில் நின்றபடி அவரே சொன்னதில்தான். ஆகவே எழுதத் தடை இல்லை. ஆனாலும் ஒரு மனிதர் ஏழு ஆண்டுகள் பொறுத்திருந்து ஒருவனிடம் சொன்னதை, அடுத்து வருபவர் முதல் நாளே ஒரு தாளில் படித்துத் தெரிந்துகொள்வது முறையா? எழுதவில்லை. அதைப் பெறுவதற்குப் புதியவரும் அந்த வாசலில் அத்தனை முறை நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவுதானா என்பதில் இன்றும் எனக்கு உறுதி இல்லை.

ஒன்பதாவது பெயர் தொண்ணூற்றொரு வயதான ஒரு தாயாருடையது. மேட்டுத் தெருக் கடைசி வீடு. நான் போகும் நேரத்தில் சமையலறை மேசையில் பூவேலை செய்த வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் இரண்டு மெழுகுதிரிகளும் தீர்த்தக் கிண்ணமும் வைத்திருப்பார். திருமணத்துக்கு அவருடைய தாய் கொடுத்த பொருள்கள் அவை. கணவரின் கல்லறையில் இரட்டைக் கல். தாயாருடைய பெயரும் பிறந்த ஆண்டும் ஏற்கெனவே பொறிக்கப்பட்டு, அதற்குப் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும். எங்கள் ஊர்களில் நவம்பர் 2இல் கல்லறைகளை மந்திரிப்பது போல அங்கே நவம்பர் 1 பிற்பகலில் மந்திரிப்பார்கள். 2019இல் அந்தச் சடங்கு முடிந்து நான் அவரைக் கடந்தபோது, என் கையைப் பிடித்து நிறுத்தி, வெறுமையான அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "இதில் எழுதும் நாளில் நீங்கள்தானே வருவீர்கள், ஹெர் ஃபாரர்?" என்று கேட்டார். பங்குத்தந்தையை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "நான்தான்" என்றேன்.

ஒப்பந்த நீட்டிப்புக்கு நான் கையெழுத்திட்டு அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2023 என்ற ஆண்டு அதில் தெளிவாக இருந்தது. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

நான் போகப்போவதைப் பீடத்திலிருந்து அறிவிக்கும் முன், பட்டியலில் இருந்த பதினான்கு பேருக்கும் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வீடு வீடாகப் போனேன். அந்தத் தாயார் கேட்டுவிட்டு எழுந்து காப்பி ஊற்றினார். புதியவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டார், நைஜீரியா என்றேன். வாக்கைப் பற்றி அவர் பேசவில்லை. நானாகத்தான் எடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அன்று நான் கேட்டிருக்கக் கூடாது. உங்களுக்கு மேலே ஆயர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா?" என்றார். அன்றிரவு ஒன்பதாவது பெயருக்கு எதிரே, 'இவருடைய அடக்கத்தை நானே நடத்துவதாக வாக்களித்திருந்தேன். இவர் அழைக்கும்போது தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்' என்று எழுதினேன். அந்தத் தாளில் என்னைப் பற்றி எழுதிய ஒரே வரி அது.

பிரிவுத் திருப்பலி நன்றாகவே நடந்தது. தீயணைப்புப் படையினர் கொடியோடு நின்றார்கள், ஊர்த் தலைவரும் பங்குப் பேரவைத் தலைவரும் பேசினார்கள், பித்தளை வாத்தியம் வாசித்தார்கள், முற்றத்தில் உள்ளூர்த் திராட்சை இரசம் பரிமாறினார்கள். வரிசையாக வந்து கை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் "ஃபெர்கெல்ட்ஸ் கோட்" என்றார்கள். கடவுள் உமக்குக் கைம்மாறு தருவாராக என்பது அதன் பொருள். கடவுள் அதை ஆசீர்வதிப்பாராக என்று பதில் சொல்ல வேண்டும். ஏறத்தாழ முந்நூறு முறை சொல்லியிருப்பேன், ஒரு முறைகூட வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. இனி அங்கே திருமணத்துக்கோ திருமுழுக்குக்கோ யாராவது என்னைக் கூப்பிட்டாலும் புதியவரைக் கேட்காமல் போக மாட்டேன் என்று அன்றே வெளிப்படையாகச் சொன்னேன். போனவரின் நிழல் வந்தவர் மேல் விழக் கூடாது என்பது குருக்களிடையே எழுதப்படாத ஒழுங்கு. அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

புறப்படும் நாள் காலையில் மேட்டுத் தெருவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இல்லை, நற்கருணையும் கொண்டுபோகவில்லை, விடைபெறத்தான் போனேன். வாசல் நிலையில் மாட்டியிருந்த சிறு தீர்த்தத் தொட்டியருகே நின்று, வழக்கம்போல ஆசீர் அளிக்கக் கையை உயர்த்தினேன். அவர் என் கையை மெதுவாகத் தாழ்த்திவிட்டு, தம் பெருவிரலைத் தீர்த்தத்தில் தோய்த்து, குதிகாலைச் சற்றே உயர்த்தி, என் நெற்றியில் சிலுவை வரைந்தார். 2014இல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அம்மா செய்தது அதுவேதான்; வெளியே போகும் பிள்ளைக்கு அங்கும் தாய்மார்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நீர் மூக்கின் மேல் வழிந்தது. துடைக்காமல் காரில் ஏறினேன்.

2024 பிப்ரவரியில் ஒரு கடித உறை வந்தது. இறந்தவரின் படமும் பெயரும் நாட்களும் ஒரு செபமும் அச்சிட்ட சிறிய அட்டையை அடக்கத்தன்று அங்கே எல்லாருக்கும் கொடுப்பார்கள். அதில் ஒன்றைப் புதிய பங்குத்தந்தை எனக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: அழைப்பு வந்த அரை மணி நேரத்தில் போய்விட்டேன், நோயில்பூசுதல் கொடுக்க முடிந்தது.

மறுநாள் காலைத் திருப்பலியின் கருத்துகளோடு அவருடைய பெயரையும் எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் பார்த்து, மூன்றாம் முறை சத்தமாக வாசித்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது முன் வரிசையில் உட்காரும் பாட்டி ஒருவர் வழி மறித்தார்.

"தோத்திரம் சாமி. இன்னைக்குப் பேரு வாசிச்சாங்களே, அது யாரு? உங்களுக்கு வேண்டியவுகளா?"

"ஆமா அப்பத்தா. அங்கே எனக்கு ரொம்ப வேண்டியவங்க."

"எத்தனை பிள்ளைக?"

"ஒரே மக. வெளியூர்ல இருக்காங்க."

அட்டையை அங்கியின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் ஒரு முறை துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.