எண்ணூர் மணலில் புதுசும் பழசும்

மலையே இல்லாத வடசென்னையில் மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்பவர்கள் எண்ணூர் முகத்துவாரம் பக்கம் வந்து மணலில் ஒருமுறை மிதித்துப் பார்க்கட்டும்.

இன்று காலை நண்பனின் புது 29 இஞ்ச் சக்கர வண்டியும், தண்டையார்பேட்டை மெக்கானிக் அண்ணன் பிரித்துக் கோர்த்துக் கொடுத்த என் 26 இஞ்சும் இறங்கின. என்னுடையதில் ஃப்ரேம் மட்டும்தான் பழசு. முன்னால் இருந்த மூன்று பல்சக்கரம் போய் ஒன்று, பின்னால் 11 பல்லில் இருந்து 42 பல் வரை அடுக்கிய 11-42 கேசட். முன்பக்கம் கியர் மாற்றும் தொல்லையே இல்லை.

29 குழி மேடுகளை அலட்டாமல் ஏறிப் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீமைக்கருவேலப் புதர் நடுவே குறுகலாகத் திரும்பும்போது சொன்ன பேச்சைக் கேட்பது 26தான். மணலில் இரண்டுமே திணறின. காற்றைக் குறைத்த பிறகுதான் டயர் அகலமாகப் படிந்து பிடித்தது. அவனுடையது ட்யூப்லெஸ், கவலையில்லை. ட்யூப் வண்டியில் ரொம்ப இறக்கினால் ரிம்மில் நசுங்கி பஞ்சர்தான்.

அப்புறம், உப்புக்காற்று செயினைச் சும்மா விடாது. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஆயில் விடணும். பேரிங் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், கிரீஸ் போய்விடும்.

புது வண்டிக்காரன் இன்னும் கழுவவில்லை. கேட்டால், காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு இருக்கிறானாம்.