குழலுக்குள் படியும் கரி

பழைய துப்பாக்கிகளைப் பேணும் வேலை என்றால் வெள்ளிப் பூண்களையும் செதுக்குச் சித்திரங்களையும் துடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அருங்காட்சியகப் பட்டறையில் என் நேரம் பெரும்பாலும் போவது குழலின் உட்புறத்தோடு. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஏன் இப்படியொரு வடிவம் எடுத்தது என்பதும் எனக்கு அங்கேதான் விளங்கியது. கருமருந்து, அதாவது அந்தக் காலத்து வெடிமருந்து, எரியும்போது அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. கொஞ்சம் புகையோடு போய்விடும். மீதி உப்பும் கரியுமாகக் குழலில் அப்பிக்கொண்டு, ஈரத்தை இழுத்து, இரும்பைத் தின்னும். அந்தக் காலக் கொல்லர்கள் மல்லுக்கட்டியது இந்தக் கரியோடுதான்.

எந்தத் துப்பாக்கி மேசைக்கு வந்தாலும் முதலில், அது கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு மரக்குச்சியை வாய்வழியே போகிறவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் முனை தீத்துளை வரை, அதாவது மருந்துக்குத் தீ புகும் பின்முனைச் சிறு துளை வரை, எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. 200 ஆண்டு கழிந்தாலும் நனையாத கருமருந்து பொறி பட்டால் பற்றும். அதற்கெனப் பயிற்சி பெற்றவர் வந்து எடுக்கும்வரை நாங்கள் கை வைப்பதில்லை.

பிரிட்டிஷ் படையின் 'பிரவுன் பெஸ்' மஸ்கெட்டின் (உள்ளே வரிகள் இல்லாத நீளத் துப்பாக்கி) குழல் விட்டம் சுமார் 19 மி.மீ.; குண்டோ 17.5 மி.மீ. அளவுதான். இந்த இடைவெளியைப் பார்த்து, செய்நேர்த்தி இல்லாத வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியல்ல. சில முறை சுட்டுக் கரி படிந்த பிறகும் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டுமே! குறி தவறும் என்று தெரிந்தே விட்ட இடைவெளி அது. 1800-இல் வந்த பேக்கர் ரைஃபிளில் உள்ளே திருகு வரிகள் உண்டு, குண்டு இறுக்கமாகப் பொருந்தும், குறியும் தப்பாது. ஆனால் அந்த இறுக்கத்தில் குண்டை இறக்க, ஆரம்பத்தில் வீரர்களுக்குச் சிறு மரச்சுத்தியலும் கொடுக்க வேண்டியிருந்தது. 1849-இல் பிரெஞ்சு இராணுவ அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு இந்த இரண்டையும் சமாளித்தது: குழலைவிடச் சிறியதாக எளிதில் இறங்கும், சுடும்போது அதன் குழிவான அடிப்பகுதி வாயு அழுத்தத்தில் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தவை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த வேட்டைத் துப்பாக்கிகள். அடிக்கட்டையின் குறுக்கே செருகிய தட்டை ஆப்பைத் தள்ளி எடுத்து, குழலின் வாயை மெல்லத் தூக்கினால், பின்முனைக் கொக்கி தானே கழன்று குழல் மொத்தமும் கையோடு வரும். மரம் நனையாமல் குழலை மட்டும் வெந்நீரில் கழுவுவதற்கான ஏற்பாடு இது. உயர்ந்த ரகங்களில் தீத்துளையைச் சுற்றித் தங்கமோ பிளாட்டினமோ பதித்திருப்பார்கள். பகட்டுக்காக அல்ல, எரிமருந்து சீறும் அந்தச் சின்னத் துளையில் இரும்பு சீக்கிரம் அரித்துப் பெரிதாகிவிடும், தங்கம் அரிக்காது. குழல் கழன்ற பின் வால்நட் மரப் பள்ளத்தைப் பாருங்கள். இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தி, கருப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவி, மறுபடி அழுத்தி... குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாத அளவுக்கு அந்தக் கைகள் பொறுமையாக வேலை செய்திருக்கின்றன.

தீத்துளை ஓரத்தில் அரிப்புக் குழிகளோடு வரும் குழல்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் சம்மதிப்பதில்லை. எந்தப் பக்கம் தீ அதிகம் சீறியது, எவ்வளவு காலம் உழைத்தது, சுட்டவர் கழுவி வைத்தாரா என்பதெல்லாம் அந்தக் குழிகளில்தான் இருக்கிறது. அரத்தால் ஒருமுறை இழுத்தால் போயே போய்விடும். பரவுகிற துருவை மட்டும் நிறுத்தி, மெல்லிய மெழுகு பூசி, குழிகளைப் படமெடுத்துப் பதிவேட்டில் சேர்த்துவிடுகிறேன்.