பதினேழு வயதில் வாங்கும் கடன்

கிராமத்து வங்கிக் கிளைகளில் ஜூன், ஜூலை என்றால் கல்விக் கடன் மாதங்கள். பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் கூட்டம் வர ஆரம்பிக்கும். போனஃபைடு, ஃபீஸ் விவரம், வருமானச் சான்றிதழ், அப்பா பெயரில் இருக்கும் சிட்டா எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். கூட வரும் மாணவருக்குப் பெரும்பாலும் பதினேழு வயதுதான். மைனர் என்பதால் பெற்றோர் கையெழுத்தில் கடன் போகும். பதினெட்டு முடிந்ததும் மாணவர் வந்து, இந்தக் கடனை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிளை ஒன்றில் அந்தக் கடிதங்களை வாங்குவதும், சில வருடம் கழித்து அதே ஆட்களை ரெக்கவரிக்காகத் தேடுவதும் என் வேலை.

எங்கள் ஆட்களிலேயே பலர் சொல்வதுண்டு: "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல, கிடைச்ச வேலைக்குப் போக மாட்டேங்குறாங்க." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடப் படிப்புக்கு 4 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலத்திலும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் சாதா வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது வருடக் கடைசியில் அது மட்டும் 1,40,000 ரூபாய். ஆக 5,40,000. இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,100 கட்ட வேண்டும். ஏழே வருடத்தில் என்றால் 9,000 ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பையனுக்குச் சென்னையிலோ ஓரகடத்திலோ முதலில் கிடைக்கும் சம்பளம் 15,000 என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கையில் 13,000 சொச்சம் வரும். அதில் பாதி தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். இதில் பொறுப்பு எங்கே வருகிறது? மீதிப் பணமே தவணைக்குப் போதவில்லையே.

இதைக் குறைக்கத்தான் மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறது. 2009-10 கல்வியாண்டில் வந்த திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை அரசே ஏற்கும். மேலே சொன்ன 1,40,000 அப்படியே இல்லாமல் போகும். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் 2018இல் ஒரு நிபந்தனை சேர்ந்தது: கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாகவோ, பாடப்பிரிவுகளை மதிப்பிடும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாகவோ, மத்திய அரசு நிறுவனமாகவோ இருக்க வேண்டும். தரமில்லாத கல்லூரிக்கு அரசுப் பணம் எதற்கு என்ற நியாயம் அதில் உண்டு. சரி, ஆனால் தரமில்லாத கல்லூரியில் போய் விழுகிறவர் யார்? கட் ஆஃப் குறைந்தவர், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர், புரோக்கர் பேச்சை நம்பி வந்தவர். கல்லூரி சரியில்லாததற்கான தண்டனை கல்லூரிக்குப் போகாமல் இவர் கணக்கில் வட்டியாக ஏறுகிறது.

இன்னும் மோசமான நிலை பாடங்களில் தேறாமல் அரியர் வைத்தவர்களுடையது. நான்கு வருடப் பணமும் போயிருக்கும், பட்டம் வந்திருக்காது. போனில் பிடிப்பதே கஷ்டம். அப்படி ஒருவரை அவருடைய அப்பா மூலம் பிடித்துக் கிளைக்கு வரச் சொன்னேன். உணவு டெலிவரி கம்பெனியின் டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

"நாலு பேப்பர் நிக்குது சார். பெட்ரோல் போக ஒரு நாளைக்கு ஐநூறு, அறுநூறு நிக்கும். மழை பெஞ்சா கொஞ்சம் கூட."

"மாசம் ரெண்டாயிரமாவது கட்டுப்பா, கணக்கு உயிரோட இருக்கும்."

"இந்த மாசம் எக்ஸாம் ஃபீஸ் கட்டணும் சார். அத மொதல்ல கட்டட்டுமா, இத மொதல்ல கட்டட்டுமா?"

எக்ஸாம் ஃபீஸைக் கட்டச் சொன்னேன். ரெக்கவரி பதிவேட்டில் "வாக்குறுதி அளித்த தேதி" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அடுத்த மாதத்துத் தேதி ஒன்றை எழுதினேன். மேலதிகாரிக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தவணை ஒழுங்காக வரும் கணக்குகளும் உண்டு. அவற்றைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் வேறு கதை தெரியும். ஒரு கவுன்டரில் அம்மா சங்கிலியை அடகு வைப்பார். அந்தப் பணம் அடுத்த கவுன்டரில் பையனின் கல்விக் கடனுக்கு வரவாகும். எங்கள் புத்தகத்தில் கல்விக் கடன் சுத்தமாக இருக்கும், நகைக்கடன் தொகை ஏறியிருக்கும். இளைஞர் தன் காலில் நின்று படிப்புக்கான பணத்தை அடைப்பார் என்ற எண்ணத்தில் வந்த திட்டம் இது. நடைமுறையில் கரும்புப் பணம் வருமா என்று ஆலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவின் கடன் பட்டியலில் இன்னொரு வரி கூடுகிறது.

அப்புறம் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் ஸ்கோர். தொண்ணூறு நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், ஸ்கோர் விழும். அதற்குப் பிறகு அந்த இளைஞர் வங்கித் தேர்வு எழுதிப் பாஸானாலும் சேரும்போது சிக்கல். வேலைக்குச் சேருகிறவரின் கடன் வரலாறு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வங்கித் தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் அறிவிக்கையிலேயே இருக்கிறது. அப்படிச் சிபில் சரியில்லாத ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. அடுத்தவர் பணத்தைக் கையாளும் இடம், எச்சரிக்கை வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் வேலை இல்லாததால் கடன் கட்டாதவருக்கு, கடன் கட்டாததால் வேலை இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கு லட்சக்கணக்கில் விண்ணப்பம் போடுகிறார்கள் என்று கேலி செய்கிறவர்கள், மற்ற கதவுகள் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகளுக்குப் பல வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. வரன் பேசும்போது அந்த அரை சதவீதம் உதவிக்கு வராது. "பொண்ணு பேர்ல லோன் இருக்காமே?" என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தவர் ஒருவர் என்னிடமே வந்து கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்று அனுப்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு சம்பளம் புகுந்த வீட்டுக்கு, கடன் பிறந்த வீட்டுக்கு என்பது எழுதாத சட்டம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து நேராகக் கடன் கணக்குக்குப் பணம் அனுப்புவதில்லை. அப்பாவின் கணக்குக்கு ஜிபேயில் போடுவார். அப்பா அதை எடுத்து ரொக்கமாகக் கட்டுவார். கணவர் போனை எடுத்துப் பார்த்தால் "அப்பா" என்று மட்டும்தான் இருக்கும். ஒரு தவணை பிசகியதில்லை. நான் பார்த்த மிக ஒழுங்கான கணக்குகளில் அது ஒன்று.

இப்போதெல்லாம் கடன் கேட்டு வருகிறவர்களிடம் விண்ணப்பத்தில் இல்லாத சில கேள்விகளைக் கேட்கிறேன். கல்லூரிக்கு நாக் இருக்கிறதா, எந்த வருடம் வரை? படிக்கும்போதே மாத வட்டியைக் கட்ட முடியுமா? கட்டினால் பல வங்கிகளில் வட்டியில் ஒரு சதவீதம் குறையும். மானியம் வராத கணக்குகளுக்கு இது பெரிய விஷயம். அரியர் விழுந்தால் போனை அணைத்துவிட்டு மறைய வேண்டாம், வந்து சொன்னால் தவணைக் காலத்தை 15 வருடம் வரை நீட்டிக் கேட்கலாம் என்றும் சொல்லி வைக்கிறேன். "கடன் குடுக்கற சீட்ல உக்காந்து ஆளை விரட்டாதீங்க" என்பார் மேனேஜர். அவருக்கு டார்கெட் இருக்கிறது. போன வருடம் என் இந்தக் கேள்விகளைக் காதில் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண், கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில் முதலில் போட இருந்த கல்லூரியைக் கீழே தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்திருந்தார். அவருடைய வட்டி மானிய விண்ணப்பத்தை இந்த வாரம்தான் போர்ட்டலில் ஏற்றினேன். அதற்குள் சர்வர் இரண்டு தடவை போய்விட்டது.