ஒரே நாளில் ஒரே பெஞ்சுக்குப் பல்வலி

ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை என்று பெயர் வந்ததுமே ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேராவது "இந்த வருஷம் உங்களுக்குப் பஞ்சாயத்துதான்" என்று சிரிப்பார்கள். ஆறாவதுப் பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடத்து மிரட்சியிலேயே வருஷத்தை ஓட்டிவிடுவார்கள், ஒன்பதாவது வந்துவிட்டால் படிப்பு கழுத்தைப் பிடிக்கும், நடுவில் இருக்கிற இந்த ஏழும் எட்டும்தான். எங்களுடையது அரசு பெண்கள் பள்ளி, நான் அறிவியல் எடுக்கிறேன். அடிதடி, ஜன்னல் கண்ணாடி உடைப்பு எல்லாம் எங்களிடம் குறைவு. பார்வையிட வருகிறவர்கள் "உங்க ஸ்கூல் எவ்வளவு அமைதி" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். மதியம் சாப்பாட்டு மணி அடித்தபிறகு வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அது எப்படிப்பட்ட அமைதி என்று தெரியும்.

பிள்ளைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி டப்பாவோடு வருகிறாள். வேண்டியவள் என்றால் இரண்டு முழங்கால் நகரும், இடம் கிடைத்துவிடும். வேண்டாதவள் என்றால் எதுவும் நகராது. அவ்வளவுதான். யாரும் "போ" என்று சொல்வதில்லை, முகம் சுளிப்பதில்லை, பேசிக்கொண்டிருந்த பேச்சுகூட நிற்பதில்லை. வந்தவள் ஒரு நொடி நிற்பாள், அப்புறம் என்னவோ டப்பா மூடியைக் கழுவத்தான் வந்தவள் மாதிரி குழாயடிப் பக்கம் போய்விடுவாள். இதை எந்த நோட்டில் புகாராக எழுதுவது, யார் பேரில் எழுதுவது?

பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கள் பள்ளியிலும் இருக்கிறது. பக்கத்தில் 1098, 14417 என்ற உதவி எண்கள் எழுதியிருக்கும். பெட்டியைத் திறந்தால் பாத்ரூமில் தண்ணி வரவில்லை, இன்னார் திட்டுகிறார், பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார் என்று சீட்டுகள் வரும், அவற்றுக்கெல்லாம் செய்வதற்கு ஏதாவது இருக்கும். ஒருமுறை ஒரு சீட்டில் "என் கூட யாரும் சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை, வகுப்பும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

'பொம்பளப் புள்ளைங்கன்னாலே இப்படித்தான்' என்பது ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி விழும் வசனம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேரடியாகக் கை வைக்காமல், பேச்சை நிறுத்தி, வதந்தி கட்டி, கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒருத்தியை நோகடிக்கிற இந்த முறையை 1988-இல் பின்லாந்தில் லாகெர்ஸ்பெட்ஸ், பியோர்க்விஸ்ட் போன்றவர்கள் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து எழுதியபோது பெண்களிடம் இது கூடுதல் என்றுதான் சொன்னார்கள். 1995-இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக்கும் அப்படியே சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வந்த கட்டுரை, இந்த விஷயத்தில் பையன்களுக்கும் பெண்களுக்கும் உள்ள வித்தியாசம் கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு சிறியது என்றது. பையன்கள் இதையும் செய்கிறார்கள், கூடவே அடிக்கவும் செய்கிறார்கள். அடிதான் நம் கண்ணில் படுகிறது. பெண்களுக்குக் கையை ஓங்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்ப்பதால் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

ஒரு வருஷம் காலாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு வேலை மாற்றம், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தெற்கத்தி ஊருக்கு வந்திருந்தார்கள். கேள்வி கேட்டால் எழுந்து "தெரியுமுங் மிஸ்" என்பாள், கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். இரண்டாவது பெஞ்சில் ஐந்து பேர் கொண்ட ஒரு கேங் இருந்தது. இரட்டைச் சடை ரிப்பனை ஒரே மாதிரி மடித்துக் கட்டுவது, வீட்டிலிருந்து ஒருத்தி கொண்டுவரும் பூச்சரத்தை ஐந்தாகக் கிள்ளி வைத்துக்கொள்வது, ஒருத்தி தண்ணி குடிக்க எழுந்தால் ஐவரும் எழுவது, அந்த ரகம். புதியவள் முதல் வாரத்திலேயே வகுப்பில் இரண்டு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டாள், அதில் ஒன்று அந்த பெஞ்சின் தலைவி தப்பாகச் சொன்ன கேள்வி. அதற்கப்புறம் வருகைப் பதிவில் அவள் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு 'ங்' கேட்கும். திரும்பினால் எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் பிறந்தநாள் வந்தது. எங்கள் பள்ளியில் பிறந்தநாளன்று கலர் டிரெஸ் போட்டுக்கொள்ளலாம், மிட்டாய்ப் பாக்கெட்டோடு மற்ற வகுப்புகளுக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் போய்வரக் கூட ஒருத்தியை அழைத்துப் போகலாம். யாரை அழைத்துப் போகிறாள் என்பது அந்த வயதில் சாதாரண விஷயமில்லை, ஒரு பீரியட் முழுக்க அந்த இருவரும் சேர்ந்து சுற்றுவதைப் பள்ளியே பார்க்கும். இவள் "யாரு வர்றீங்க?" என்று கேட்டாள். ஒருத்தரும் எழவில்லை. சரி என்று தானே பெஞ்ச் பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது பெஞ்ச் வந்ததும் முதலில் இருந்தவள் "பல்வலி மிஸ்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அடுத்தவளுக்கும் பல்வலி. அதற்கடுத்தவளுக்கும். ஐந்து பேருக்கும் அன்றைக்குப் பல்வலி. பின்னால் இருந்த சிலர் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் பிரிக்கவில்லை. சாயங்காலம் கூட்டும்போது பெஞ்சுக்கடியிலிருந்து ஜிகினாத் தாள் சுற்றியபடியே மிட்டாய் உருண்டு வந்தது.

தலைமையாசிரியை நல்லவர், ஆனால் பழைய வழி. ஆறு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, "எல்லாரும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கணும், கை குடுங்க" என்றார். கொடுத்தார்கள். அன்று மத்தியானம் அவளுக்கு வட்டத்தில் இடமும் கிடைத்தது. மறுநாள் அவளுக்குப் புதுப் பெயர் ஒன்று வந்துவிட்டது: போட்டுக் குடுத்தவ. இத்தனைக்கும் அவள் வாயே திறக்கவில்லை, பார்த்துச் சொன்னது நான். கை கொடுக்கவைப்பது இரண்டு பேர் சண்டைக்குச் சரிப்படும். இங்கே சண்டையே இல்லை, ஒருத்தியை வெளியில் வைத்துத்தான் ஐந்து பேர் உள்ளே இருக்கிறார்கள்.

தலைவி கெட்ட பெண்ணில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. தனியாக அகப்பட்டால் அந்தப் புதியவளோடு இயல்பாகப் பேசுவாள், நானே பார்த்திருக்கிறேன். உண்மையில் மும்முரமாக வேலை செய்வது அவளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்காரும் இருவர். நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தபோது அவர்களில் ஒருத்தியிடம், ஏம்மா அவள் உனக்கு என்ன பண்ணினாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டுகளின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே நின்றாள். "ஒண்ணும் பண்ணல மிஸ். நான் அவகிட்டப் பேசினா அடுத்தது நான்தான்."

எனக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் கிடைத்ததில்லை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: செய்கிறவள், படுகிறவள் என்ற இருவர் கதை இல்லை இது, கூட நிற்பவர்கள், சிரித்து ஏற்றிவிடுபவர்கள், பார்க்காததுபோல இருப்பவர்கள், எப்போதாவது தடுப்பவர்கள் என்று வகுப்பே அதில் பங்கெடுக்கிறது. பள்ளியில் நடக்கும் சீண்டலைத் தடுக்க 'கிவா' என்ற திட்டத்தை இந்த அடிப்படையில்தான் வடிவமைத்தார்கள், 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடந்தது. தலைவியைத் திருத்துவதைவிட, பார்த்துக்கொண்டிருக்கிற முப்பது பேரைக் கொஞ்சம் நகர்த்துவது சுலபம் என்பது அதன் கணக்கு. எங்கள் வகுப்பில் அரையாண்டு லீவு முடிந்து வந்தபோது அந்த இரண்டாவது பெஞ்ச் தலைவியையே கேங்கிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள், ஏன் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த வயதுக்கென்று இன்னொன்றும் உண்டு. சிலர் பெரிய மனுஷி ஆகிவிட்டிருப்பார்கள், சிலர் இன்னும் இல்லை. ஒருத்தி ஒரு வாரம், பத்து நாள் லீவு முடிந்து வந்தால், ஆனவர்கள் ஒரு மூலையில் சேர்ந்து குசுகுசுப்பார்கள், ஆகாதவர்கள் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். சடங்குக்கு யாருக்குப் பத்திரிகை வந்தது, யாருக்கு வரவில்லை என்பது இன்னும் மோசம். பத்திரிகை கொடுப்பது பிள்ளைகள் இல்லை, அம்மா அப்பா. அங்கே தெரு வந்துவிடும், தெருவோடு சாதி வந்துவிடும். "அவங்க வீட்ல சாப்பிடக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க" என்று ஒரு பிள்ளை எந்தக் கூச்சமும் இல்லாமல் என்னிடம் சொன்னது, மழை வரும்போல இருக்கு என்பதுபோல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனைச் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டியபிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் வந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரை இருந்தது. எங்கள் பெண்களிடம் கயிறு இல்லை. சத்துணவுத் தட்டு ஏந்துகிறவர்கள் ஒரு பக்கம், வீட்டு டப்பா கொண்டுவருகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்காருவதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. கயிற்றை அறுக்கலாம், வட்டத்தை எப்படி அறுப்பது?

போன் விஷயத்தை நீட்டவில்லை. அம்மா போனில்தான் இவர்களுடைய வாட்ஸ்அப். ஒருத்தியை குரூப்பிலிருந்து நீக்கினால் சண்டை வரும் என்று தெரியும், அதனால் நீக்க மாட்டார்கள், அவள் மட்டும் இல்லாத இன்னொரு குரூப் தொடங்கிவிட்டுப் பழையதை அப்படியே போட்டுவிடுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் "எம்மவ அந்த மாதிரி இல்ல டீச்சர்" என்ற பதில் தயாராக இருக்கும். சில அம்மாக்கள் போனையே திறந்து காட்டி எதிர்த்த அம்மாவோடு அங்கேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

அகர வரிசை உட்கார்த்தலை நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெஞ்ச் தள்ளி நகர்த்துகிறேன். "ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துக்கோங்க" என்று சொல்வதே இல்லை, ஒற்றைப்படை எண்ணிக்கை உள்ள வகுப்பில் அதைவிடக் குரூரமான வாக்கியம் ஒரு டீச்சர் வாயிலிருந்து வர முடியாது. எண் சொல்லவைத்து, ஒன்றுகள் எல்லாம் ஒரு குழு, இரண்டுகள் ஒரு குழு. பி.எட். பரீட்சைக்காக சோஷியோகிராம் வரைந்த ஞாபகம் எல்லா டீச்சருக்கும் இருக்கும், யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று ரகசியமாக எழுதி வாங்கி அம்புக்குறி போடுவது. மனநல மருத்துவர் மொரேனோ 1930-களில் நியூயார்க் மாகாணத்து ஹட்சனில் பெண்கள் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் பயன்படுத்திய முறை. பரீட்சை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டிய சமாச்சாரம் இல்லை அது. அந்த வருஷம் போட்டுப் பார்த்தேன். புதியவளை நோக்கி ஒரே ஒரு அம்பு வந்திருந்தது, நான்காவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காத ஒரு பெண்ணிடமிருந்து. புதியவளுக்கு அது தெரியாது.

அதற்கப்புறம் செல் பாடத்தைப் பிரித்து நடத்தினேன். குழுவில் ஒருத்திக்கு உட்கரு, ஒருத்திக்கு மைட்டோகாண்ட்ரியா, ஒருத்திக்குப் பசுங்கணிகம், ஆளுக்கு ஒரு தாள், அவளவள் பங்கை அவளவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், டெஸ்ட் மொத்தத்திலிருந்தும் வரும். 1971-இல் டெக்சஸில் கறுப்பின, வெள்ளை இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தபோது வந்த மோதலுக்காக உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்த ஏற்பாடு இது. பேச்சை விட்டவளிடம் பேசாமல் மார்க் வராது. முதல் தடவை முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே கேட்டுக்கொண்டார்கள், பரவாயில்லை. நான்காவது பெஞ்சுக்காரியும் புதியவளும் ஒரே குழுவில் வரும்படி எண்ணைக் கொஞ்சம் தள்ளிவிட்டதை மட்டும் பிள்ளைகள் கவனிக்கவில்லை.

இரண்டாவது பெஞ்சோடு அவள் கடைசிவரை ஒட்டவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. எல்லாரும் எல்லாரோடும் சிநேகம் என்பது பெரியவர்களிடமே இல்லாத ஒன்று, எங்கள் ஸ்டாஃப் ரூமில் டீ வரும் நேரத்தில் யார் நாற்காலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாலே போதும். ஆனால் ஒருத்தியாவது வேண்டும். கனடாப் பிள்ளைகளிடையே நடந்த ஒரு ஆய்வில், சீண்டப்படுகிற பிள்ளைக்கு ஒரு நெருங்கிய நட்பு இருந்தால் அந்தச் சீண்டல் வளர்ந்துகொண்டே போவது குறைகிறது என்று 1999-இல் எழுதினார்கள். நான்காவது பெஞ்சுக்காரி இப்போது "சரிங்" என்கிறாள், கிண்டலுக்கில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது.

வருஷக் கடைசியில் எட்டாம் வகுப்புக்குப் பிரிவு பிரித்தார்கள். எங்கள் பள்ளியில் மார்க் பட்டியலை வைத்து ஒன்றுவிட்டு ஒன்றாக ஏ, பி என்று பிரிப்பது வழக்கம், யாருக்கு யார் துணை என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. பட்டியல் போடுகிற சாரிடம் போய் இந்த இரண்டு பேரும் ஒரே செக்‌ஷனில் இருக்கட்டும் என்றேன். "ஒருத்தருக்குப் பண்ணினா எல்லாரும் வருவாங்க டீச்சர்" என்றார். வரட்டும் சார், வந்தால் அதையும் பார்க்கலாம் என்று அங்கேயே நின்றேன். பென்சிலால் ஒரு பேரை அடித்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினார். தலைமையாசிரியை கையெழுத்துப் போடுகிறவரை அது மாறாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.